பழைய கோல்ட்விங்கின் காற்று ஃபோர்க் கசிந்தால்: கண்டுபிடிப்பது முதல் காற்று நிரப்புவது வரை

காலையில் வண்டியை எடுக்கப் போனால் முன்பக்கம் நேற்றைவிட ஒரு விரற்கடை இறங்கி நிற்கும். குனிந்து பார்த்தால், முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்கும் ஃபோர்க் கால்களின் குழாயைச் சுற்றி மோதிரம் போல ஓர் எண்ணெய் வளையம். அதில் தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். பழைய ஹோண்டா கோல்ட்விங் மோட்டார்சைக்கிள் வைத்திருப்பவர்கள் என்றாவது ஒருநாள் பார்க்கிற காட்சி இது. "சீல் போயிடுச்சு, மாத்திடுங்க" என்பார்கள். எண்ணெயும் காற்றும் வெளியேறாமல் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் வளையம்தான் சீல்.

நானும் அப்படித்தான் மாற்றினேன். என்னுடையது 1981 ஜிஎல்1100 இன்டர்ஸ்டேட். கனடாவில், பனிக்காலம் முழுக்கச் சாலையில் உப்புக் கொட்டுகிற ஊரில் நாற்பது ஆண்டுகளாக இருக்கிற வண்டி. புதுச் சீல் பதினைந்து நாள்தான் தாங்கியது. அப்புறம் அதே காலில், அதே இடத்தில், அதே வளையம். இரண்டாம் முறை கழற்றியபோதுதான் குழாயில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துருக்குழி இருந்ததைப் பார்த்தேன். குழாய் மேலும் கீழும் போகும்போதெல்லாம் அந்தக் குழியின் விளிம்பு சீலைக் கீறிக்கொண்டே இருந்திருக்கிறது. அன்றிலிருந்து, பழைய சீல் ஏன் போனது என்று தெரியாமல் நான் புதுச் சீலைப் பொட்டலத்திலிருந்து எடுப்பதில்லை. நீங்களும் அந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

1975இல் வந்த முதல் கோல்ட்விங் ஜிஎல்1000இன் ஃபோர்க்கில் ஸ்பிரிங்கும் எண்ணெயும்தான். 1980இல் ஜிஎல்1100 வந்தபோது காற்றும் சேர்ந்தது. குழாயின் தடிமனும் 37 மி.மீ.யிலிருந்து 39 ஆனது. பிறகு வந்த ஜிஎல்1200இல் 41. ஃபேரிங் என்னும் முன்பக்கக் காற்றுத் தடுப்பு உறை, பெட்டிகள், பின்னால் ஒரு ஆள், இரண்டு வாரச் சாமான் என்று ஏற்றினால் முன்பக்கம் தொங்காமல் இருக்க வேண்டும், தனியாகப் போகும்போது கல்லாக இடிக்கவும் கூடாது. இரண்டுக்கும் ஒரே ஸ்பிரிங் பொருந்தாது. காற்றைக் கூட்டிக் குறைத்து அதைச் சரிக்கட்டினார்கள்.

ஃபோர்க் காலுக்குள் எண்ணெய்க்கு மேலே கொஞ்சம் இடம் காலியாக இருக்கிறது. காற்று அங்கேதான். சக்கரம் மேலே ஏறினால் அந்த இடம் சுருங்கி அழுத்தம் கூடும். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் சீல் படும் பாடு தெரிந்துவிடும். வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. நீங்கள் அழுத்தமானியில் 14 காட்டும்படி நிரப்பினால் உள்ளே உண்மையில் இருப்பது 28.7. ஒரு பள்ளத்தில் இறங்கும்போது காற்று இடம் பாதியாகச் சுருங்கினால் அது 57.4 ஆகிவிடும், மானிக் கணக்கில் கிட்டத்தட்ட 43. அதே ஃபோர்க்கில் காற்றே நிரப்பாமல் விட்டிருந்தால் அதே பள்ளத்தில் மானிக் கணக்கு 14.7தான். ஆக, நீங்கள் 14 சேர்த்தால் சீலுக்குப் போவது 28 கூடுதல்.

எண்ணெய் அளவிலும் இதே கதைதான். "கசிகிறதே, ரெண்டு மூடி கூட ஊத்திடலாம்" என்று ஊற்றினால் காற்றுக்கான இடம் குறைந்துபோகும். இடம் குறைந்தால் அதே பள்ளத்தில் அழுத்தம் இன்னும் ஏறும். சீல் இன்னும் சீக்கிரம் போகும்.

இந்த அழுத்தத்தைத் தாங்கத்தான் காற்று ஃபோர்க்குகளுக்கு இரட்டை உதட்டுச் சீல் வருகிறது. உதட்டின் பின்னால் மெல்லிய சுருள்கம்பி ஒன்று அதைக் குழாயோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கும். அளவு ஒன்றாக இருக்கிறதே என்று சாதாரண ஃபோர்க்கின் சீலை வாங்கிப் போட்டால் எண்ணெயைப் பிடித்துவிடும், காற்றை விட்டுவிடும்.

கசிவது எண்ணெயா, காற்றா?

இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். எண்ணெய் கசியாமல் காற்று மட்டும் போகிற வண்டிகள் நிறைய. அவற்றில் சீல் நன்றாகவே இருக்கும், மேலே இருக்கிற ஓ-ரிங் என்னும் சின்ன ரப்பர் வளையம் காய்ந்திருக்கும்.

ஜிஎல்1100இல் இரண்டு கால்களையும் ஒரு ஹோஸ் இணைக்கிறது. ஒரே வால்வில் இரண்டுக்கும் காற்றுப் போகும். ஒரு பக்கம் விட்டாலும் இரண்டு பக்கமும் இறங்கும் என்பதால் எந்தக் கால் என்று அழுத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலக்கிப் பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தடவுங்கள். முதலில் வால்வின் வாய், அடுத்து ஹோஸின் இரண்டு முனைகள், அப்புறம் ஃபோர்க் மூடியின் விளிம்பு, கடைசியாக, சீலுக்கு மேல் தூசியைத் தடுக்கும் டஸ்ட் சீலைத் தூக்கிவிட்டு அதன் கீழே. பொறுமையாகப் பாருங்கள். மெல்லிய கசிவில் குமிழி ஊத அரை நிமிடம்கூட ஆகும். வால்வில் குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வால்வு முள்ளை மாற்றினால் போதும். டயர் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஹோஸ் முனையிலோ மூடியிலோ வந்தால் ஓ-ரிங். சக்கரத்தையே கழற்ற வேண்டியதில்லை.

குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 25 டிகிரி செல்சியஸில் 14 நிரப்பிய ஃபோர்க், குளிர் மைனஸ் 5க்குப் போனால் தானாகவே 11க்கு இறங்கும். கசிவே இல்லை, காற்று சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். நேற்று மதியம் பார்த்த அளவையும் இன்று விடியற்காலை பார்த்த அளவையும் ஒப்பிட்டுப் பயந்துவிடாதீர்கள்.

எண்ணெய் வளையம் இருந்தால், கழற்றுவதற்கு முன் ஒரு முயற்சி செய்து பார்க்கலாம். சீல் உதட்டுக்கு அடியில் ஒரு மணல் துகளோ காய்ந்த பூச்சியோ சிக்கியிருந்தாலும் கசியும். காற்றை முழுக்க விட்டுவிட்டு டஸ்ட் சீலை மேலே தள்ளுங்கள். பழைய 35 மி.மீ. ஃபிலிம் சுருள் வீட்டில் இருந்தால் ஒரு துண்டை நறுக்கி, ஒரு ஓரத்தில் சின்னக் கொக்கி போல வெட்டுங்கள். அதைக் குழாயோடு ஒட்டிச் சீலுக்குள் மெதுவாக நுழைத்து, ஒரு சுற்றுச் சுற்றி வெளியே இழுங்கள். கறுப்பாக ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும். மூன்று நான்கு முறை இப்படிச் செய்து, துடைத்து, ஃபோர்க்கை அமுக்கி அமுக்கிப் பாருங்கள். இதிலேயே நின்றுபோன கசிவுகளும் உண்டு. உலோகத் தகடு எதையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

1983 ஜிஎல்1100, அதன் பிறகு வந்த ஜிஎல்1200 வைத்திருப்பவர்கள் காலின் கீழ்ப்பகுதியையும் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் குத்தாமல் இருக்க ஹோண்டா வைத்த ட்ராக் அமைப்பு அங்கே இருக்கிறது. அதற்கென்று தனி ஓ-ரிங்குகள் உண்டு. அங்கே கசிந்து காற்றில் சிதறிய எண்ணெய், மேல் சீலிலிருந்து வந்தது போலவே தெரியும். முதலில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்து பாருங்கள்.

கழற்றும் முன்

முதல் வேலை, காற்றை முழுவதும் விடுவது. வால்வு முள்ளை அமுக்கி, சத்தம் நின்ற பிறகும் பத்து விநாடி அமுக்கிக்கொண்டிருங்கள். அழுத்தம் உள்ள ஃபோர்க்கின் மூடியைத் திறந்தால் அது முகத்துக்கு நேராகப் பறந்து வரும்.

இன்டர்ஸ்டேட்டின் எடை 300 கிலோவுக்கு மேல். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்டாண்ட் முன்னால் மடிந்துவிடாமல் அதைச் சட்டத்தோடு பட்டையால் கட்டிவிடுங்கள். எஞ்சினுக்கு அடியில் அகலமான பலகை வைத்து அதன் மேல் ஜாக்கியின் பாரம் பட வேண்டும். ஜாக்கியின் வெறும் முனை எண்ணெய்த் தொட்டியில் பட்டால் அலுமினியம் விரிசல் விடும். முன் சக்கரம் தரையிலிருந்து ஒரு கையளவு உயர்ந்தால் போதும்.

இந்த நிலையிலேயே புஷ் தேய்மானத்தைப் பார்த்துவிடலாம். குழாய் ஆடாமல் வழுக்கிப் போகும்படி தாங்கும் உலோக வளையம்தான் புஷ். காலின் அடிப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை ஆட்டச் சொல்லிவிட்டு நீங்கள் இரண்டு இடத்தில் விரல் வைத்துப் பாருங்கள். டஸ்ட் சீலும் குழாயும் சேரும் இடத்தில் ஆட்டம் விரலுக்குத் தெரிந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. மேலே ஹேண்டில் கழுத்தில் தெரிந்தால் அது ஸ்டியரிங் பேரிங். புஷ் தேய்ந்த ஃபோர்க்கில் குழாய் பக்கவாட்டில் ஆடும். சீலின் உதடு அந்த ஆட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. நல்ல சீலே போட்டாலும் ஆறு மாதத்தில் அதே வளையம் வரும்.

பிரேக் பேட்களைப் பிடித்திருக்கும் காலிப்பர்களைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கவிடாதீர்கள். பேட்களுக்கு நடுவில் ஒரு மரத்துண்டைச் செருகிவிட்டால் யாராவது தெரியாமல் பிரேக் லீவரை அமுக்கினாலும் பிஸ்டன் வெளியே வராது. ஸ்பீடோமீட்டர் கேபிள், அச்சு, சக்கரம், மட்கார்டு என்று வரிசையாகக் கழற்றுங்கள். அச்சைப் பிடிக்கும் கவ்விகளில் எது எந்தப் பக்கம், எது முன்னால் பார்த்து இருந்தது என்று கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

மூடி, ஸ்பிரிங், அடிப் போல்ட்

காற்று ஹோஸைக் கழற்றும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று இணைப்பைப் பிடித்துக்கொள்ள, இன்னொன்று திருக. ஒன்றை மட்டும் வைத்துத் திருகினால் ஹோஸ் முறுக்கிக்கொண்டு கழுத்தில் கிழியும். நாற்பது ஆண்டு பழைய ஹோஸுக்கு மாற்றுத் தேடுவது லேசான வேலை இல்லை.

அடுத்து, ஹேண்டில் கழுத்தருகே குழாயைப் பிடிக்கும் இரண்டு கவ்விகளில் மேல் கவ்வியின் போல்ட்டை மட்டும் தளர்த்துங்கள், கீழ்க் கவ்வி இறுக்கமாகவே இருக்கட்டும். இப்போது ஃபோர்க் மூடியை ஒரு சுற்று மட்டும் இளக்குங்கள். காலை வண்டியிலிருந்து எடுத்த பிறகு அந்த மூடியை இளக்குவது பெரும்பாடு, குழாயைப் பிடிக்க இடமே இருக்காது. அதோடு, அடிப்பகுதியில் இருக்கும் அலன் போல்ட்டையும் இப்போதே ஒரு கால் சுற்று இளக்கிவிடுங்கள். ஸ்பிரிங் உள்ளே அழுத்திக்கொண்டிருக்கும்போது எண்ணெயோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டாம்பர் தண்டு போல்ட்டோடு சேர்ந்து சுற்றாது. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டால் போல்ட்டும் தண்டும் சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும், கழலாது. மறந்துவிட்டால், துடைப்பக் கட்டையின் நுனியைக் கொஞ்சம் கூம்பாகச் சீவி மேலிருந்து உள்ளே விட்டு, டாம்பர் தண்டின் தலையில் வைத்து அழுத்திக்கொண்டு ஒருவர் பிடிக்க, மற்றவர் கீழே போல்ட்டைத் திருகலாம்.

காலை உருவி எடுத்த பிறகு மூடியின் மேல் தடித்த துணியை வைத்து, உடல் எடையைக் கொடுத்து அழுத்திக்கொண்டே மெல்லத் திருகுங்கள். கடைசி மரையில் ஸ்பிரிங் தள்ளுவது உள்ளங்கையில் தெரியும். ஸ்பிரிங்கை வெளியே எடுக்கும்போது நெருக்கமான சுருள்கள் மேலே இருந்தனவா கீழே இருந்தனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயை வெள்ளைப் பாத்திரத்தில் ஊற்றுங்கள், சாக்கடையில் வேண்டாம். அந்த எண்ணெய் நிறையச் சொல்லும். என் வண்டியில் வந்தது சாம்பல் நிறம், அழுகிய மீன் வாடை. பாத்திரத்தைச் சாய்த்தால் வெள்ளி போல மின்னும் பொடி அடியில் வரிவரியாக நகர்ந்தது. அது புஷ்ஷும் அலுமினியமும் தேய்ந்த தூள். பாலாடை போலக் கலங்கி வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. டஸ்ட் சீல் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

குழாயைப் பிரிப்பதும் பார்ப்பதும்

டஸ்ட் சீலை எடுத்தால் அதன் கீழே சீலைப் பிடித்து நிறுத்தும் கம்பி வளையமான சர்க்கிளிப் தெரியும். துருவில் பள்ளத்தோடு ஒட்டியிருந்தால் துரு விடும் எண்ணெய் தெளித்து ஒரு இரவு விட்டுவிடுங்கள். நெம்பிப் பிடுங்கினால் பள்ளத்தின் விளிம்பு உடையும், அப்புறம் புதுச் சர்க்கிளிப் நிற்காது. அடிப் போல்ட்டை முழுக்க எடுத்த பிறகு, கீழ்க்காலை ஒரு கையில் பிடித்து, மேல் குழாயைச் சுத்தியல் அடிப்பது போல வெளியே வெட்டி வெட்டி இழுங்கள். குழாயின் நுனியில் இருக்கும் கீழ் புஷ், மேல் புஷ்ஷில் மோதி, அதன் மேலிருக்கும் வளையத்தையும் சீலையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வரும். வராவிட்டால் கீழ்க்காலின் வாயைச் சுற்றிக் கொதிநீரில் நனைத்த துணியைச் சுற்றுங்கள். அலுமினியம் விரிந்து இடம் கொடுக்கும். ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பாதீர்கள். சீல் உட்காரும் சுவரில் ஒரு கீறல் விழுந்தால் அந்தக் கீறல் வழியாகவே ஆயுசுக்கும் கசியும்.

இப்போதுதான் முக்கியமான வேலை. குழாயை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, ஜன்னலோரம் எடுத்துப் போங்கள். வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். அப்புறம் பழைய நைலான் காலுறை ஒன்றைக் குழாயைச் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழே இழுங்கள். கண்ணுக்குத் தெரியாத குழியில்கூட நூல் மாட்டும். மாட்டிய இடத்தில் மார்க்கரால் வட்டம் போடுங்கள். என் குழாயில் கண்ணால் ஒரே ஒரு புள்ளிதான் பார்த்தேன். காலுறை நான்கு இடத்தில் மாட்டியது.

எல்லாக் குழியும் கவலைக்குரியது இல்லை. கவ்விகளுக்கு நடுவில், சீல் ஏறாத உயரத்தில் இருப்பதை விட்டுவிடலாம். சீல் ஓடும் பகுதியில் இரண்டு மூன்று சின்னப் புள்ளிகள் இருந்தால் நிரப்பலாம். அசிட்டோனில் துடைத்து, பல்குத்தும் குச்சி முனையால் ஒரு சொட்டு எப்பாக்ஸி வைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு 1000, அப்புறம் 2000 எண் தண்ணீர் உப்புத்தாளை எண்ணெயில் நனைத்துத் தேயுங்கள். தேய்ப்பது குழாயைச் சுற்றித்தான் இருக்க வேண்டும், நீளவாக்கில் கூடாது. நீளவாக்கில் விழும் ஒவ்வொரு கோடும் எண்ணெய் ஏறிவர ஒரு வாய்க்கால். கையால் தடவினால் வித்தியாசம் தெரியக் கூடாது, காலுறை மாட்டக் கூடாது.

ஒரு நகத்தளவுக்குக் குரோம் உரிந்திருந்தாலோ, பொரிப்பொரியாகத் துரு கிளம்பியிருந்தாலோ நிரப்புவதில் பயன் இல்லை. பழைய குரோமை எடுத்து, கடினக் குரோம் ஏற்றிக் கடைந்து தருகிற பட்டறையில் கொடுங்கள், இல்லாவிட்டால் நல்ல குழாய் வாங்குங்கள். இதில் சிக்கனம் பார்த்து நான் ஒரு கோடைகாலத்தை இழந்தேன். நேராக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வி-பிளாக் என்னும் V வடிவத் தாங்கியில் வைத்து டயல் மானியால் பார்த்தால் ஹோண்டா கையேடுகளில் பொதுவாகச் சொல்லும் எல்லை 0.2 மி.மீ. வளைந்த குழாயை நிமிர்த்திப் போடுவது எனக்கு உடன்பாடில்லை. முன் சக்கரம் அந்தக் குழாயை நம்பித்தான் இருக்கிறது.

புஷ்களில் சாம்பல் நிறப் பூச்சு தேய்ந்து செம்பு நிறம் வெளியே தெரியும். பரப்பில் முக்கால் பங்குக்கு மேல் செம்பு தெரிந்தால் மாற்ற வேண்டும் என்பது ஹோண்டாவின் கணக்கு. கை உள்ளே வரை போயிருக்கும்போது, விலையும் அதிகமில்லாதபோது, பாதி தெரிந்தாலே நான் மாற்றிவிடுவேன்.

திரும்பப் பூட்டுவது

தேவையான புதுச் சாமான்கள்: இரட்டை உதட்டுச் சீல் இரண்டு, டஸ்ட் சீல் இரண்டு, மூடிக்கும் ஹோஸுக்கும் ஓ-ரிங்குகள், அடிப் போல்ட்டுக்குச் செம்பு வாஷர், தேவைப்பட்டால் புஷ்கள், சர்க்கிளிப். ஒரு கால்தான் கசிகிறது என்றாலும் இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். இரண்டு கால்களிலும் எண்ணெயும் உராய்வும் ஒன்றாக இருக்க வேண்டும்.

டாம்பர் தண்டைக் குழாய்க்குள் விட்டு, அதன் நுனியில் எண்ணெய்ப் பூட்டுத் துண்டைச் செருகிக் கீழ்க்காலுக்குள் இறக்குங்கள். கூம்பு வடிவச் சின்னத் துண்டு அது, பழைய எண்ணெயோடு பாத்திரத்திலேயே கிடந்துவிடும். அதை மறந்து பூட்டினால் ஃபோர்க் அடிவரை போகும்போது உலோகத்தில் உலோகம் இடிக்கும். அடிப் போல்ட்டின் மரையைச் சுத்தமாகத் துடைத்து, மரைப் பசை ஒரு துளி, புதுச் செம்பு வாஷர், கையேட்டில் சொன்ன இறுக்கம்.

சீலைக் குழாயில் ஏற்றும் முன், குழாயின் மேல்நுனியை மெல்லிய பிளாஸ்டிக் பையால் மூடுங்கள். அந்த விளிம்பு கத்தி போல இருக்கும், புதுச் சீலின் உதட்டை ஏற்றும்போதே அறுத்துவிடும். பையின் மேலும் சீலின் உதட்டிலும் ஃபோர்க் எண்ணெய் தடவி, எழுத்துள்ள பக்கம் மேலே பார்க்கும்படி சுழற்றி இறக்குங்கள். வரிசை: மேல் புஷ், அதன் மேல் தட்டை வளையம், அதன் மேல் சீல், கடைசியில் சர்க்கிளிப்.

அடித்து இறக்கத் தனிக் கருவி உண்டு. இல்லாவிட்டால் குழாயின் மேல் தளர்வாகப் போகும் பி.வி.சி. பைப் போதும், அதன் வாயைச் சமமாக அறுத்து உரசிவிடுங்கள். முதலில் பழைய சீலை ஒரு பக்கம் வெட்டி மேலே வைத்து மேல் புஷ்ஷையும் வளையத்தையும் இறக்குங்கள். அப்புறம் புதுச் சீல். சின்னச் சின்ன அடியாக, சுற்றிச் சுற்றி. இறங்கிக்கொண்டிருக்கும்போது சத்தம் மந்தமாக 'தப் தப்' என்று கேட்கும். அடியில் போய் உட்கார்ந்ததும் சத்தம் மாறி, 'டங்' என்று கைக்கு எதிர்த்து அடிக்கும். அதோடு நிறுத்துங்கள். சர்க்கிளிப்பின் பள்ளம் முழு வட்டமும் தெரிய வேண்டும். ஒரு பக்கம் பாதி மறைந்திருந்தால் சீல் சாய்ந்திருக்கிறது.

எண்ணெய் அளவு

அந்தக் காலத்து ஜிஎல்1100க்கு ஹோண்டா சொன்னது ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கு ஊற்றும் ஏடிஎஃப் எண்ணெய். இன்றும் அது பொருந்தும். 10 எண் ஃபோர்க் எண்ணெய் ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். எதை ஊற்றினாலும் இரண்டு காலிலும் ஒரே எண்ணெய்.

கையேட்டில் இருக்கும் கன அளவை ஊற்றிவிட்டு, குழாயைப் பத்து முறை மெதுவாக மேலும் கீழும் ஓட்டுங்கள். முதலில் குளுகுளு என்று காற்று வெளியேறும், பிறகு எதிர்ப்பு ஒரே சீராக வரும். பத்து நிமிடம் நிற்கவிட்டு, ஸ்பிரிங் இல்லாமல், குழாயை முழுக்கக் கீழே இறக்கி, மேல்விளிம்பிலிருந்து எண்ணெய் மட்டம் வரை ஒரு கம்பியால் அளந்து பாருங்கள். இரண்டு கால்களிலும் அந்த அளவு ஒன்றாக இருக்க வேண்டும். காற்று ஃபோர்க்கில் நான் கன அளவைவிட இந்த மட்டத்தைத்தான் நம்புகிறேன். காற்றுக்கு எவ்வளவு இடம் என்பதை அதுதான் சொல்கிறது.

ஸ்பிரிங்கை எடுத்த திசையிலேயே உள்ளே விட்டு மூடியைப் போடுங்கள். அதன் மரை மிக நுண்ணியது. அழுத்திக்கொண்டு முதலில் எதிர்ப்பக்கமாகத் திருப்புங்கள். 'டக்' என்று ஒரு சின்ன இறக்கம் தெரிந்ததும், சரியான பக்கம் திருப்பினால் மரை நேராகக் கவ்வும்.

சக்கரத்தை மாட்டிய பிறகு அச்சுக் கவ்விகளை உடனே முழுக்க இறுக்கிவிட வேண்டாம். ஜாக்கியை இறக்கி, காலிப்பர்களைப் பூட்டி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை ஐந்தாறு முறை அமுக்குங்கள். இரண்டு கால்களும் தாமாக நேராக உட்காரும். அப்புறம் கவ்வியின் முன்பக்க நட்டை முதலில், பின்பக்க நட்டை அடுத்ததாக இறுக்குங்கள். டிஸ்க்குக்கும் காலிப்பர் தாங்கிக்கும் இடையில் இரண்டு பக்கமும் 0.7 மி.மீ. கேஜ் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் கால் இறுகிப்போய் உராயும், சீல் ஒரு பக்கமாகத் தேயும்.

பேட்களில் எண்ணெய் ஊறியிருந்தால் கழுவிப் போடாதீர்கள், மாற்றுங்கள். டிஸ்க்கைப் பிரேக் கிளீனரால் துடையுங்கள்.

காற்று நிரப்புவது

பெட்ரோல் பங்கின் கம்ப்ரஸரிடம் வண்டியைக் கொண்டு போகவே வேண்டாம். டயருக்கு இருக்கும் இடத்தோடு ஒப்பிட்டால் ஃபோர்க்கில் இருப்பது ஒரு தேநீர்க் கோப்பை அளவு. நூறு பி.எஸ்.ஐ.க்கு மேல் வரும் குழாயை வைத்தால் கண் மூடித் திறப்பதற்குள் புதுச் சீலின் உதடு திரும்பிவிடும். கையால் அடிக்கும் சின்னப் பம்பு போதும். மலைச் சைக்கிள்காரர்கள் சஸ்பென்ஷனுக்கு வைத்திருப்பார்களே, அது.

சக்கரம் தரையிலிருந்து தூக்கியிருக்கும்போது, எஞ்சின் ஆறியிருக்கும்போது நிரப்புங்கள். என் 1981க்குக் கையேடு சொல்வது 14 முதல் 21 வரை. ஜிஎல்1200க்கு அது வேறு, இன்னும் குறைவு, அதற்குரிய கையேட்டைப் பாருங்கள். நான் தனியாக ஓட்டும்போது கீழெல்லையைத் தாண்டுவதே இல்லை. ஒவ்வொரு முறை மானியை வைத்து எடுக்கும்போதும் கொஞ்சம் காற்று வெளியேறும், இடம் அவ்வளவு சின்னது. தினமும் அளந்து பார்த்து "இறங்குகிறதே" என்று கவலைப்பட்டால், இறக்குவது உங்கள் கைதான்.

காற்றே வேண்டாம் என்று படிப்படியாக விறைக்கும் ஸ்பிரிங் போட்டு, வெறும் ஃபோர்க்காக ஓட்டுபவர்கள் நிறைய. அதில் தவறு இல்லை. சீலுக்கு நல்லதுதான். ஆனால் என் வண்டியில் பெட்டிகள் நிரம்பி, பின்னால் மனைவியும் ஏறும் நாட்களுக்கு அந்தக் காற்று வேண்டியிருக்கிறது.

பூட்டி முடித்ததும் ஒரு குழாயில் பிளாஸ்டிக் கட்டு ஒன்றை டஸ்ட் சீலோடு ஒட்டிக் கட்டுங்கள். ஓட்டி வந்த பிறகு அது எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ, ஃபோர்க் அதுவரை போயிருக்கிறது. உச்சிக்கே போயிருந்தால் காற்றோ எண்ணெயோ குறைவு. பாதிகூடப் போகவில்லை என்றால் காற்று அதிகம். முதல் ஐம்பது கிலோமீட்டருக்குப் பிறகு கவ்வி நட்டுகளை ஒருமுறை சரிபார்த்து, வெள்ளைத் துணியால் குழாயைச் சுற்றித் துடையுங்கள். முதல் நாள் துணியில் மெல்லிய ஈரம் தெரியும், பூட்டும்போது தடவிய எண்ணெய் அது. ஒரு வாரம் கழித்துத் துடைக்கும்போது தூசி மட்டுமே வர வேண்டும். என் வண்டியில் இரண்டாம் முறை பூட்டிய பிறகு நான்கு கோடை போய்விட்டது, துணியில் இன்னும் தூசிதான் வருகிறது.